முதல் தடவை உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) போகிறவர்களுக்கு

போன வருடம் சித்திரையில் இருந்து எனக்கு இரவு இரண்டரைக்கு முழிப்பு வரத் தொடங்கியது. நெஞ்சு பதைக்கும், கை விறைக்கும், எழும்பிப் போய்க் கிணற்றடியில் நிற்பேன். ஈசீஜி எடுத்தாயிற்று, தைரொயிட் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்றார்கள். கடைசியில் ஒரு வைத்தியர்தான் "ஒருக்கால் உளவளத்துணைக்குப் போய்க் கதைச்சுப் பாருங்கோ" என்றார். போனால் உள்ளே என்ன நடக்கும் என்று தேடினேன், யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவருக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. பதினொரு தடவை போய் வந்தபிறகு இதை எழுதுகிறேன்.

படி 1: யாரிடம் போவது

மனநல வைத்திய நிபுணர் மருந்து எழுதுவார். உளவியலாளரும் உளவளத்துணையாளரும் மருந்து தரமாட்டார்கள், கதைத்துத்தான் வேலை. எங்கே தொடங்கினாலும் தேவைப்பட்டால் மற்றவரிடம் அனுப்புவார்கள், ஆகவே யாரிடம் என்று யோசித்தே நாளைப் போக்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், இது பலருக்குத் தெரியாது. உளவளத்துணை தருகிற சாந்திகம் போன்ற அமைப்புகளும் உண்டு.

படி 2: தெரிந்தவர்கள் கண்டுவிட்டால்

என்னை மூன்று மாதம் மறித்து வைத்தது இந்த ஒரு யோசனைதான். மனநல வைத்தியசாலை இருக்கிறதென்று அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக வைத்திருந்த சனம் நாங்கள், பயம் வரத்தான் செய்யும். நான் பயந்தபடியே நடந்தது. முதல் நாள் வாங்கிலில் இருக்கிறேன், எங்கள் ஒழுங்கை மாமி ஒருவர் வந்து பக்கத்தில் இருந்தார். எனக்கு எழும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

"தம்பி, நித்திரையோ?"

"ஓம் மாமி."

"எனக்கும் அதுதான் துவங்கினது. ஆறு வருசமா வாறன்" என்று சொல்லிவிட்டு, கைப்பையில் இருந்து கிளினிக் கொப்பியை எடுத்தார். பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, மூலை மடியாமல் வைத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வேறு கதை கதைத்தார். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

உள்ளே கதைப்பது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, ஒரு பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்ற மாதிரியான நிலைமைகளில் மட்டும் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும். இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே வாய்விட்டுக் கேளுங்கள், நல்ல உளவளத்துணையாளர் கோபிக்கமாட்டார்.

படி 3: ஒரு நாளை எழுதிக்கொண்டு போங்கள்

நான் இடறின இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் தடவை "சொல்லுங்கோ, என்ன பிரச்சினை?" என்று கேட்டபோது என் வாயில் வந்தது "பெரிசா ஒண்டுமில்லை." அதற்குப் பிறகு பிறந்ததில் இருந்து தொடங்கி, அப்பா, படிப்பு, வேலை என்று ஓடி, நேரம் முடிந்தபோது இரவு முழிப்பைப் பற்றி ஒரு வசனம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து வலு கவலைப்பட்டேன்.

இரண்டாம் தடவை ஒரு 40 பக்கக் கொப்பியில் ஒரேயொரு நாளை எழுதிக்கொண்டு போனேன். "2.40 முழிப்பு. வியர்வை. கிணற்றடி. 3.30க்குத் திரும்பப் படுத்தது, நித்திரை இல்லை. காலையில் மகள் கூப்பிட்டதற்குக் கத்திவிட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் பஸ் சத்தத்துக்குத் திடுக்கிட்டது." அவர் கொப்பியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு "மகளுக்கு எத்தனை வயது?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். அந்த ஒரு கேள்வியில் இருந்து அன்றைக்கு ஒரு மணித்தியாலம் போனது.

ஆகவே வாழ்க்கை வரலாறு வேண்டாம், அண்மையில் போன ஒரு கெட்ட நாள் காணும். உடம்புக்கு என்ன செய்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எங்களில் கனபேருக்குக் கவலை என்பது முதலில் தலையிடியாக, நெஞ்சுநோவாகத்தான் வருகிறது. போனில் எழுதாதீர்கள், பேனையும் கொப்பியும்தான் என் தெரிவு. வீட்டில் போன் பத்துக் கைக்குப் போகும், அதோடு கொப்பியை அப்படியே நீட்டிவிடலாம், வாசித்துக்காட்ட வேண்டியதில்லை.

படி 4: அவர்கள் கேட்பவை

பொதுவாக 45 நிமிடத்தில் இருந்து ஒரு மணித்தியாலம். நித்திரை, சாப்பாடு, குடும்பம், குடி, எடுக்கிற மருந்துகள் எல்லாம் கேட்பார்கள். சாக வேண்டும் போல இருக்கிறதா என்றும் கேட்பார்கள். வருகிற எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. அப்படிக் கேட்பதால் ஒருவருக்குப் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இடப்பெயர்வு, இழப்பு பற்றியும் வரும். 1995 ஐப்பசிக் கடைசியில் சண்டையால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது எனக்கும் ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது பற்றி நான் யாரோடும் கதைத்ததில்லை. "இதை இண்டைக்குக் கதைக்க ஏலாது" என்றேன். "சரி, நீங்கள் சொல்ல விரும்பேக்க சொல்லுங்கோ" என்றுவிட்டு விட்டுவிட்டார். ஆறாவது தடவைதான் சொன்னேன். எதையும் எப்போது சொல்வது என்பது உங்கள் கையில்.

படி 5: முடிந்த பிறகு

புத்திமதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கேள்விகள்தான் அதிகம் வரும், வீட்டு வேலையும் வரும். எனக்குத் தந்தது, பதைப்பு வருகிற நேரம் மனதில் ஓடுகிற எண்ணத்தைக் குறித்து, அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுதுவது. அறிகை நடத்தைச் சிகிச்சை என்பார்கள். முதல் இரண்டு மூன்று தடவைகளுக்குப் பிறகு முந்தியதைவிடக் கவலையாக, உடம்பு அடித்துப் போட்டமாதிரி இருக்கலாம், மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான். நான் நேரே வீட்டுக்குப் போவதில்லை. சுப்பிரமணியம் பூங்காவில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் பஸ் எடுப்பேன்.

படி 6: ஒத்துவராவிட்டால்

இந்த உளவளத்துணையாளரிடம் வருவதற்கு முதல் இன்னொருவரிடம் ஒரேயொரு தடவை போயிருந்தேன். நடுவில் இரண்டு தரம் போன் எடுத்தார், கடைசியில் "கோயிலுக்குப் போங்கோ, எல்லாம் சரிவரும்" என்றார். நான் கோயிலுக்குப் போகிற ஆள்தான், ஆனால் அதற்காக அங்கே போகவில்லை. இப்படி நடந்தால் ஆளை மாற்றுங்கள், முழு விசயத்தையும் விட்டுவிடாதீர்கள். மற்றும்படி மூன்று நான்கு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒரு தங்கச்சி, அம்மாவும் உள்ளே வரவேண்டும் என்று நிற்கிறார் என்று எழுதியிருந்தார். முதலில் உங்களோடு தனியாகக் கதைக்கச் சொல்லி நீங்களே கேட்கலாம், பிறகு விரும்பினால் அம்மாவைக் கூப்பிடலாம்.

இன்னொருவர், குளிசை பத்து நாளாகியும் வேலைசெய்யவில்லை, நிற்பாட்டட்டோ என்று கேட்டார். மனச்சோர்வுக்கான குளிசைகள் பிடிக்கவே இரண்டு தொடக்கம் நான்கு கிழமை எடுக்கும், தந்த வைத்தியரைக் கேட்காமல் நிற்பாட்ட வேண்டாம்.

வீடியோவில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தார்கள். செய்யலாம், ஆனால் எங்கள் வீடுகளில் கதவைச் சாத்தினால் "ஏன் சாத்தினனீ?" என்று கேட்பார்கள், நேரில் போவதைத்தான் நான் சொல்வேன். தவணை கிடைக்கும்வரை தாங்காது என்று இருந்தால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுங்கள், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே கதைக்கலாம்.