சி.வி.யைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்: வேலை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப்பிழை பார்க்க வேண்டும், நேர்முகத் தேர்வுக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுவோம். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் போகிற விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் வேறு. படிப்பும் திறமையும் உள்ள பிள்ளைகளே அவற்றைச் செய்வதுதான் வேதனை.

கொமினிகேஷனில் அடித்த சி.வி.

உயர்தரப் பெறுபேறு வந்ததும், அல்லது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ பட்டம் முடிந்ததும், நேரே பக்கத்துக் கொமினிகேஷனுக்கு, அதாவது தட்டச்சும் மின்னஞ்சலும் செய்து தரும் கடைக்குப் போய் "ஒரு சி.வி. அடிச்சுத் தாங்க" என்று கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் முன்பு யாருக்கோ அடித்த கோப்பைத் திறக்கிறார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மாற்றுகிறார். பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. அந்தப் பத்து நிமிடம் பல மாதத்தைத் தின்றுவிடும்.

முதலாவது, பழைய ஆளின் தடயம். மேலே ஒருவர் பெயர், கடைசியில் "மேற்கூறியவை உண்மை" என்ற உறுதிமொழியின் கீழே இன்னொருவர் பெயர் என்று சி.வி.க்கள் உண்மையிலேயே வருகின்றன. அதைப் பார்த்த மனிதவளப் பிரிவு மேற்கொண்டு வாசிக்காது.

இரண்டாவது, ஒழுங்கு. கடை மாதிரியில் பிறந்த திகதி, மதம், விவாக நிலை, பாடசாலை எல்லாம் முதலில் வரும். அடுத்து சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களும் பெட்டி போட்டு நிற்கும். பட்டமும் தொழிற்பயிற்சியும் இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கும். தெரிவு செய்பவர் திரையில் முதலில் பார்ப்பது மேல் அரைப்பக்கம். அதில் ஆளின் தகைமையே இல்லை.

மூன்றாவதுதான் மிகப் பெரிய இழப்பு. சி.வி.யைக் கடையின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வு அழைப்பும் அதே மின்னஞ்சலுக்குத்தான் வரும். கடைக்காரருக்கு அதைத் தேடிப் பார்த்துச் சொல்லும் கடமை இல்லை. செங்கலடியில் இருக்கும் பிள்ளை "ஒருத்தரும் கூப்பிடல்ல" என்று மனம் நொந்து வீட்டில் இருக்க, அழைப்பு கடையின் பெட்டியில் திறக்கப்படாமலே கிடக்கும். இது தகைமைக் குறைவால் வந்த தோல்வியே அல்ல. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

கோப்பு உங்கள் கையில் இல்லாததால் வங்கிக்கும் ஹோட்டலுக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் அதே தாள்தான் போகிறது. உங்கள் அடையாள அட்டை இலக்கமும் யாரோ ஒருவரின் கணினியில் தங்கிவிடுகிறது.

சி.வி.யை நீங்களே எழுதுங்கள். இதற்குக் கணினி தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். உங்கள் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்துகொள்ளுங்கள், செல்லப்பெயர் வேண்டாம். கூகுள் டொக்ஸில் வெற்றுப் பக்கத்தை எடுத்து, 11 அளவு எழுத்தில், ஒரே நிரலாக எழுதுங்கள். பெட்டியும் அட்டவணையும் போடாதீர்கள். பெரிய நிறுவனங்களில் சி.வி.யை முதலில் வாசிப்பது மென்பொருளாக இருக்கலாம். அட்டவணைக்குள் இருக்கும் சொற்களை அது குழப்பிவிடும், படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் வாசிக்காது.

மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், ஊர். அடுத்து நீங்கள் யார், என்ன செய்யத் தெரியும் என்று மூன்று வரி. பிறகு வேலை அல்லது பயிற்சி, அதன்பின் பட்டமோ டிப்ளோமாவோ. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் மட்டத்தோடு தொழிலின் பெயரையும் எழுதுங்கள். "என்.வி.கியூ. 4" என்று மட்டும் இருந்தால் மின்னிணைப்பாளரா, சமையலாளரா என்று தெரியாது. உயர்தரத்துக்கு ஒரு வரி, சாதாரண தரத்துக்கு ஒரு வரி போதும். மொத்தம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

"கணக்கு வேலை செய்தேன்" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. "அரிசி மொத்த வியாபார நிலையத்தில் 18 மாதம்; நாளொன்றுக்கு 40 இன்வொய்ஸ் வரை குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளில் பதிவு; மாத முடிவில் வங்கி இணக்கக் கூற்று தயாரித்தல்" என்ற மாதிரி எழுதுங்கள். எண்கள் உங்களுடையவையாக, உண்மையாக இருக்க வேண்டும். சம்பள வேலை பார்த்ததில்லையா? கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் கணக்கு எழுதியிருந்தால் அதுவும் அனுபவம்தான். மொழியையும் பிரித்துச் சொல்லுங்கள்: சிங்களம் பேசுவேன், எழுத வராது என்றால் அப்படியே எழுதுங்கள்.

முடிந்ததும் பிடிஎப் ஆக்கி, உங்கள் பெயரும் பதவியின் பெயரும் கோப்பின் பெயராக இருக்கும்படி சேமியுங்கள். முதலில் ஒரு நண்பருக்கு அனுப்பி அவருடைய தொலைபேசியில் திறந்து பாருங்கள். மின்னஞ்சலின் தலைப்பில் பதவியும், விளம்பரத்தில் இருந்தால் அந்த வெற்றிடத்தின் குறிப்பு இலக்கமும் வர வேண்டும். உள்ளே நாலைந்து வரி எழுதுங்கள். வெறும் இணைப்பை மட்டும் அனுப்பினால் யாருக்கு, எதற்கு என்றே தெரியாது.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு, சான்றிதழில் முதலெழுத்தோடு, மின்னஞ்சலில் செல்லப்பெயரோடு. ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும். முகம்மது என்ற பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டென்று காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் உள்ளதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். சான்றிதழில் வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்த வழி பாருங்கள். வேலை கிடைத்தபின் ஓடுவது கடினம்.

லிங்க்டினில் "வேலை தேடுகிறேன்"

லிங்க்டின் என்ற தொழில் வலைத்தளத்தில் ஆட்சேர்ப்பாளர் பதவியின் பெயரையும் திறமையையும் போட்டுத்தான் தேடுவார். "வேலை தேடுகிறேன்" என்று யாரும் தேடுவதில்லை. பெயருக்குக் கீழுள்ள வரியில் பதவி, தெரிந்த மென்பொருள், ஊர் மூன்றும் இருக்கட்டும்.

ஊரைப் பார்த்து ஒதுக்குவார்கள்

கொழும்பு இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கல்முனை முகவரியைப் பார்த்ததும் "இவர் வரமாட்டார்" என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் தங்கி வேலை செய்யத் தயார் என்பதையும், எத்தனை நாளில் வர முடியும் என்பதையும் மேலேயே எழுதுங்கள்.

படம்

உங்கள் புகைப்படத்தைக் கேட்டால் மட்டும் போடுங்கள்.

ரெஃபரி

உங்களைப் பற்றி நற்சான்று சொல்லக்கூடியவர்தான் ரெஃபரி. அவரிடம் சொல்லாமல் அவர் பெயரைப் போடாதீர்கள்.

வர்த்தமானி விண்ணப்பம்

வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் அரச வெற்றிடங்களுக்கு வேறு சட்டம். அங்கே அழகான சி.வி.க்கு மதிப்பில்லை, மாதிரிப் படிவம் அச்சொட்டாக இருக்க வேண்டும். ஏ4 தாள், முதல் பக்கத்தில் படிவத்தின் எந்த இலக்கம் வரை வர வேண்டும், உறையின் இடப்பக்க மேல் மூலையில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் அறிவித்தலிலேயே இருக்கும். கையொப்பத்தை உறுதிப்படுத்தச் சமாதான நீதவானையோ அதிபரையோ கடைசி நாளில் தேடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும் என்றிருந்தால், மேசைகள் தாண்டி அது போகும் நாட்களையும் கணக்கில் எடுங்கள். முடிவுத் திகதி என்பது அங்கே கிடைக்க வேண்டிய நாள், நீங்கள் தபாலில் போடும் நாள் அல்ல.

வெளிநாட்டு முகவர்

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்க்காமல் காசும் கொடுக்காதீர்கள், கடவுச்சீட்டும் கொடுக்காதீர்கள்.

தவறிய அழைப்பு

சி.வி.யில் அண்ணனின் இலக்கத்தையோ, காசு போடாமல் கிடக்கும் பழைய சிம்மையோ போடாதீர்கள். விண்ணப்பித்த வாரங்களில் 011 என்று தொடங்கும் தெரியாத இலக்கத்தைத் துண்டிக்காதீர்கள், அது பெரும்பாலும் கொழும்பு அலுவலகம். எந்தெந்த நிறுவனத்துக்கு, என்ன பதவிக்கு, எந்தத் திகதியில் அனுப்பினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பஸ்ஸில் இருக்கும்போது அழைப்பு வந்தால் "பத்து நிமிடத்தில் நானே எடுக்கிறேன்" என்று சொல்லி, பெயரையும் இலக்கத்தையும் கேட்டுக்கொண்டு, கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னபடி எடுங்கள்.