மனம் இரண்டு பக்கம் இழுக்கும்போது எழுதிப் பார்க்கும் முறை

திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் அம்மைக்குப் பீடி முனை மடக்கிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு, முப்பது வயதில் நல்ல சம்பளம் வந்தாலும் ஒருநாள் சும்மா உட்கார்ந்தால் தப்பு செய்த மாதிரி இருக்கும். கை ஓய்ந்தால் கூலி குறையும் என்பது அந்த வீட்டில் அன்று உண்மை. வீடு மாறிவிட்டது, மனதில் பதிந்த அந்த விதி மாறவில்லை. இந்த மாதிரி விதிகளைக் கண்டுபிடிக்காமல் வேலை, கல்யாணம் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

அதற்கு ஒரு நோட்டு போதும். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம். 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களிடம் சோதித்த அளவு இது. "அப்பா கண்டிப்பானவர்" என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. எந்த வயது, எந்த இடம், யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். "நாலு பேரு என்ன சொல்லுவாவ" என்று வீட்டில் கேட்ட நாட்களிலிருந்து தொடங்கலாம். எழுதியபின் கொஞ்ச நேரம் மனம் கனக்கும். அதனால் படுக்கும் நேரத்தில் வேண்டாம், சாயங்காலமே எழுதிவிடுங்கள். அந்தச் சூட்டில் யாருக்கும் போன் போடாதீர்கள்.

ஐந்தாம் நாள் ஒவ்வொரு சம்பவத்தின் கீழும் இரண்டு வரி: அன்று கற்ற விதி என்ன, அது அன்று எதைக் காப்பாற்றியது. இரண்டாவது வரியை விட்டால் பெற்றோர் மேல் கோபம் மட்டுமே மிஞ்சும்.

அடுத்தது மோதல். உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-ல் 10 விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் முக்கியம் என்று மனிதர் மதிப்பவற்றை, ஒரு வட்டத்தில் அடுக்கினார். பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரில் இருப்பவை மோதும். பாதுகாப்பு, மரபு, இணக்கம் ஒரு பக்கம். சுயமாகத் தீர்மானிப்பது, புதுமையைத் தேடுவது எதிர்ப்பக்கம். துபாய் வேலையா, அப்பாவின் கடையா என்று தவிப்பவர் கோழை அல்ல, இரண்டும் அவருக்கு வேண்டியவை.

உங்களை இழுக்கும் ஒவ்வொன்றைப் பற்றியும் உங்களையே கேளுங்கள்: "ஊரில் யாருக்கும் தெரியாது என்றாலும் இதைச் செய்வேனா?" இல்லை என்றால், அது பெரும்பாலும் அவமான பயம். ஆம் என்று பதில் வரும் ஒவ்வொன்றுக்கும், தேதி போட்டுச் செய்யக்கூடிய ஒரு செயலைக் கொடுங்கள். வெளியூர் போகிறவர் ஊர்க் கோயில் கொடைக்கான வரியைத் தவறாமல் கட்டலாம், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடலாம். "குடும்பத்தை மறக்கமாட்டேன்" என்று பொதுவாக எழுதிவைத்தால் மூன்று மாதத்தில் பழைய தவிப்பே திரும்பும்.

அடி, பாலியல் கொடுமை, சாவு போன்ற நினைவுகளைத் தனியாகக் கிளற வேண்டாம். தூக்கம் கெட்டாலோ வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ எழுதுவதை நிறுத்திவிட்டு 14416 எண்ணில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. நோட்டையும் கொண்டுபோங்கள், பேச்சைத் தொடங்க உதவும்.