கார்க் கதவுக்கு ஒரு தர வீடு: கியூஎஃப்டி அட்டவணையைத் தயாரிக்கும் முறை

வாடிக்கையாளர் கேட்டது விற்பனை, வடிவமைப்பு, உற்பத்தி என்று கைமாறிக் கைமாறி வேறொன்றாகிவிடாமல் காப்பதற்காக, 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் யோஜி அகாவோ முதலியோர் வகுத்த முறையே கியூஎஃப்டி (Quality Function Deployment). 1972இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் அது அட்டவணை வடிவம் பெற்றது. மேலே கூரைபோல் ஒரு முக்கோணம் அமைவதால் அதைத் தர வீடு என்கிறார்கள்.

முதலில், வாடிக்கையாளரின் பேச்சை அப்படியே இடப்பக்க வரிசைகளில் எழுதுங்கள். “கதவு லேசாகச் சாத்த வர வேண்டும்”, “மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது”, “சாலை இரைச்சல் கேட்கக் கூடாது” என்பன போன்றவை சர்வீஸ் மையப் புகார்களிலேயே கிடைக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து நாமே போட்டுக்கொண்டால் பயனில்லை.

மேல்வரிசையில் சாத்தும் விசை, ரப்பர் பீடிங்கின் (கதவோரத்து அடைப்புப் பட்டையின்) இறுக்கம் என அளக்கக்கூடியவை மட்டுமே இடம்பெறலாம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தொடர்பு வலுவானால் 9, நடுத்தரமானால் 3, மெலிதானால் 1 என்று இட்டு முக்கியத்துவத்தால் பெருக்குங்கள். லேசாகச் சாத்துவதற்கு 5, மழைக்கு 4, இரைச்சலுக்கு 3 என்று வைத்துக்கொண்டால், பீடிங்கின் இறுக்கம் முறையே 45, 36, 9 பெற்று மொத்தம் 90 ஆகிறது. ஒரு வரிசை முழுதும் வெறுமையாக இருந்தால் அந்தத் தேவையை நிறைவேற்ற எந்த அளவுகோலும் இல்லை என்று பொருள். செங்குத்து வரிசை வெறுமையாக இருந்தால், சட்டம் கேட்காத பட்சத்தில், அந்த அளவு எதற்கு என்று விசாரிக்க வேண்டும்.

மேல்வரிசை அளவுகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று குறிக்கும் கூரைதான் இம்முறையின் உயிர். பீடிங்கை இறுக்கினால் தண்ணீர் நிற்கும், ஆனால் கதவைச் சாத்த அதிக விசை தேவைப்படும். இந்த முரண் டிராயிங் முடிவாகும் முன்பே தெரிந்துவிட்டால் பீடிங்கின் குறுக்குவெட்டு வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம், டை என்னும் அச்சைச் செய்த பிறகு தெரிந்தால் செலவு பன்மடங்காகும். ஆகவே வடிவமைப்பாளர் தனியே நிரப்பித் தரும் அட்டவணையை ஏற்காதீர்கள். விற்பனை, உற்பத்தி, சர்வீஸ் ஆகிய துறையினர் ஒரே மேசையில் வாதாடி நிரப்பியதே உண்மையில் உதவும்.

போட்டியாளரின் கதவையும் அளந்து இலக்குகளைக் குறித்தபின், அவற்றைப் பாகம், செயல்முறை, உற்பத்திக் கட்டுப்பாடு என அடுத்தடுத்த அட்டவணைகளுக்குக் கொண்டுசெல்லுங்கள். பல நிறுவனங்கள் முதல் அட்டவணையோடு நின்றுவிடுகின்றன. ரப்பரின் கடினத்தன்மையை எத்தனை மணிக்கு ஒருமுறை சோதிப்பது என்பதுவரை எழுதப்பட்டால்தான் மெஷினில் நிற்பவருக்கு அது வேலைக்கு ஆகும். வரிசைகளைக் குறைவாக வையுங்கள்: முப்பதுக்கு முப்பது என்றாலே 900 கட்டங்கள்.