செல்கூட்டம் நகரும்போது: திசுவை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்து முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படுவது, ‘இத்திசுவின் விறைப்பு இத்தனை கிலோபாஸ்கல்’ என்று முடிந்துவிடும் ஒரு வரி. எவ்வளவு நேரத்தில் அழுத்தி அளந்தார்கள் என்ற விவரம் அதில் இராது. செல்கூட்டம், விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் மீள்தன்மையும் மெல்ல ஒழுகும் பாகுத்தன்மையும் கலந்த பொருள் ஆகையால், நேரத்தைக் குறிப்பிடாத எண்ணால் பெரிதாகப் பயனில்லை.

மறையூரில் வெல்ல உருண்டை பிடிப்பவர் கையிலுள்ள சூட்டுப் பாகை வெடுக்கென்று இழுத்தால் அறுபடும். நிதானமாக இழுத்தால் நீளும். திசுவிலும் நேரத்தைப் பொறுத்தே விளைவு மாறும். திசுவைச் சில நொடிகள் மட்டும் நீட்டிவிட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதே நீட்சியை நெடுநேரம் பிடித்து வைத்தாலோ, செல்லுக்குள் இழைகளாகப் பின்னியிருக்கும் ஆக்டின் புரத வலை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாலும், செல்களை ஒன்றோடொன்று ஒட்டும் கேதெரின் புரதப் பிணைப்புகள் அவிழ்ந்து மீண்டும் பிணைவதாலும், செல்கள் தம் அண்டைச் செல்களை மாற்றிக்கொள்வதாலும் உள்ளிருந்த தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) தளர்ந்துவிடும். செல்கள் ஒன்றுசேர்ந்து நகரும் கூட்டு இடப்பெயர்ச்சி மணிக்கணக்கில் நடப்பது. அதை விளக்க, நுண்ணிய ஊசிமுனையால் நொடிப்பொழுதில் குத்தி அளந்த அணுவிசை நுண்ணோக்கி எண்ணை எடுத்து வைப்பது பொருந்தாது.

போதாக்குறைக்கு, அந்த ஊசிமுனை தொடுவது ஒரே செல்லின் சிறு பகுதியைத்தான். நாயின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட எம்.டி.சி.கே. செல்களின் ஒற்றையடுக்கை, அடித்தளம் ஏதுமின்றி இரு கம்பிகளுக்கிடையே தொங்கவிட்டு இழுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அடுக்கின் விறைப்பு சுமார் 20 கிலோபாஸ்கல், அதாவது தனிச்செல்லின் விறைப்பைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. செல்களுக்கிடையிலான இணைப்புகளும் அவற்றோடு கோத்திருக்கும், செல்லுக்குள் உள்ள புரத இழைச் சட்டகமும் சேர்ந்து பாரம் தாங்குவதைத் தனிச்செல் அளவீடு காட்டாது.

திசுவுக்குள் உள்ள இழுவிசையை அறிய அதை லேசரால் வெட்டிப் பார்ப்பவர்கள் வேறொரு பிழை செய்கிறார்கள். வெட்டு விளிம்புகள் விலகும் தொடக்க வேகத்தை நேரடியாக இழுவிசை என்று எழுதிவிடுகிறார்கள். அவ்வேகம் இழுவிசைக்கும் உராய்வு, பாகுநிலைத் தடைக்கும் உள்ள விகிதத்தைத்தான் காட்டுகிறது. ஒரு மருந்து பாகுநிலையைக் குறைத்தாலும் விளிம்புகள் வேகமாக விலகும். மாதிரிகளை ஒப்பிடுமுன் தடை மாறவில்லை என்று காட்டியாக வேண்டும். மயோசின் என்ற இயக்கப் புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து ஓயாமல் சுருங்கிக்கொண்டிருப்பதால், வெளியிலிருந்து யாரும் தொடாத திசுவிலும் தகைவு இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

முன்வரிசைச் செல்கள் இழுக்க மற்றவை பின்தொடர்கின்றன என்ற படம் பாடநூல்களில் இன்னும் உலவுகிறது. செல்கள் அடித்தளத்தை எங்கெங்கு எவ்வளவு இழுக்கின்றன என்று காட்டும், 2009-இல் வெளியான இழுவிசை வரைபடங்கள், விளிம்பிலிருந்து பல வரிசைகள் உள்ளே தள்ளியுள்ள செல்களும் அடித்தளத்தை இழுப்பதைக் காட்டிவிட்டன.

செல்லின் சுற்றளவைப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறும் வடிவக் குறியெண் 3.81-ஐத் தாண்டினால் திசு திரவமாகிவிடும் என்று எழுதும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அந்த எண் தாமாக நகராத செல்களைக் கொண்ட கணித மாதிரியிலிருந்து வந்தது. செல்களுக்குச் சொந்த உந்துதல் கொடுத்தால் எல்லை இடம் மாறும் என்பதால், நகரும் கூட்டத்தில் 3.81-ஐ மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதாமல், செல்கள் அண்டையை மாற்றுகின்றனவா என்று நிழற்படத் தொடரில் எண்ணிப் பார்ப்பதே முறை.