கொலோசியம்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ரோம் நகரின் பழங்கால அரங்கமான கொலோசியம் என்றதும் பலர் அதை ரோமப் பேரரசர் நீரோவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்களை நீரோ அங்கேதான் சிங்கங்களுக்குப் போட்டார் என்று கதை நீள்கிறது. நீரோ இறந்தது கி.பி. 68-ல், அரங்கம் திறக்கப்பட்டது 80-ல். நீரோ தன் பொன் மாளிகைக்காக வெட்டிய ஏரியைத் தூர்த்துத்தான் பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் இதைக் கட்டத் தொடங்கினார், மகன் டைட்டஸ் திறந்துவைத்தார். அரசன் ஒருவனுக்காக வளைத்துப் போட்ட இடம் ஊருக்கே திரும்பி வந்தது என்று காட்டுவதுதான் அந்தக் கட்டடத்தின் அரசியல். நீரோவை உள்ளே கொண்டுவந்தால் அது அப்படியே தலைகீழாகிவிடும்.

அடுத்தது, மக்கள் முன் ஆயுதத்தோடு மோதிய கிளாடியேட்டர் வீரர்களின் சண்டை என்றாலே ஒருவர் செத்தாக வேண்டும் என்று நினைப்பது. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டுகிறார்: வீரன் நலமாகத் திரும்பினால் ஆளுக்கு 20 தெனாரியஸ் (ரோம வெள்ளி நாணயம்) வாடகை; செத்தாலோ ஊனமானாலோ 1,000 தெனாரியஸ் விலை. விழா நடத்துபவருக்கு ஒரு சாவு ஐம்பது மடங்கு செலவு! பயிற்சி கொடுத்து, சோறு போட்டு, வைத்தியரும் வைத்து வளர்த்த ஆளை யாரும் சும்மா சாகவிட மாட்டார்கள். சண்டைக்கு நடுவர் உண்டு, தோற்றவன் விரலை உயர்த்திச் சரணடையலாம். அதற்காக அந்த மணலில் இருந்த கொடூரத்தைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. தண்டனைக் கைதிகளை மக்கள் பார்க்க அங்கே கொன்றார்கள். அவர்களுக்கு நடுவரும் இல்லை, சரணும் இல்லை.

'சாகப்போகும் நாங்கள் உம்மை வணங்குகிறோம்' என்ற முழக்கத்தையும் கிளாடியேட்டர்களின் வழக்கமான வணக்கமாக எழுதாதீர்கள். இத்தாலியின் ஃபூசினஸ் ஏரியில் பேரரசர் கிளாடியஸ் நடத்திய கடற்போர்க் காட்சியில் அதில் இறக்கப்பட்டவர்கள் அப்படிச் சொன்னதாகத்தான் பதிவு இருக்கிறது. அப்புறம், தேர்ப்பந்தயம் நடந்தது ரோமின் பந்தயத் திடலான சர்க்கஸ் மாக்சிமஸில். கொலோசியத்தின் களம் அதற்குப் போதவே போதாது.

படங்களைப் பார்க்கும்போது இன்னொரு குழப்பம் வரும். நடுவில் தெரியும் சுவர் வரிசைகள் களம் அல்ல, நிலவறை. மேலே மரப்பலகை போட்டு மணல் பரப்பியிருந்தார்கள். விலங்குக் கூண்டுகளைக் கயிறும் உருளையும் கொண்டு மேலே ஏற்றினார்கள். டைட்டஸின் தம்பி பேரரசர் டொமிஷியன் காலத்தில் இந்த நிலவறை வந்தபிறகு, களத்தில் நீர் நிரப்பிக் கடற்போர்க் காட்சிக்குக் கப்பல் விடுவது நடக்காத காரியம்.

கடைசியாக, வெளிச்சுவர்க் கற்களில் உள்ள துளைகள் குண்டு பட்டவை அல்ல. டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கற்களை இணைத்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்த தடம் அது. தெற்குப் பக்கத்தின் பெரும்பகுதி 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது, அந்தக் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. வடக்குப் பக்கம் மட்டும் முழு உயரத்துக்கு நிற்கிறது. அங்கே வளைவுகளுக்கு மேலே 23 முதல் 54 வரை ரோமன் எண்கள் இன்றும் தெரியும். பார்வையாளர்கள் தங்கள் வாசலைக் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான்.