ஆட்டமெல்லாம் சரி, கூகுளுக்குத் தெரிகிறதா? அனிமேஷன் தளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமேஷன் அதிகம் இருந்தால் கூகுள் அந்தத் தளத்தை ஒதுக்கிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது, அசையும் தளங்களைச் செய்ய அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளைப் பயன்படுத்திய காலத்துப் பயம். அன்று முழுத் தளமும் ஒரே கோப்புக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதற்குள் இருந்த எழுத்துகளைப் படிக்க 2008-இல் முயன்ற கூகுள், 2019-இல் அந்த வேலையையே விட்டுவிட்டது. அடோபியும் 2020 முடிவில் ஃபிளாஷைக் கைவிட்டது. ஆனால் சொற்களை அசைவுக்குள் பூட்டி வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பிரவுசரில் படம் வரையப் பயன்படும் கேன்வாஸிலோ வெப்ஜிஎல்லிலோ வரையப்படும் எழுத்து வெறும் பிக்சல்தான். ‘திருச்சியில் திருமணப் புகைப்படம்’ என்ற வரி முப்பரிமாணத்தில் எவ்வளவு அழகாகச் சுழன்றாலும், பக்கத்தின் அடிப்படைக் குறிமொழியான எச்டிஎம்எல்லில் அது இல்லையென்றால் தேடுபொறியைப் பொறுத்தவரை அப்படி ஒரு வரியே கிடையாது. அனிமேஷனை லாட்டி என்ற இணைய அனிமேஷன் கோப்பாக மாற்றும்போது எழுத்துகளை வடிவங்களாக்கிவிட்டால் அங்கேயும் இதே கதைதான். தலைப்பும் விவரமும் சாதாரண எழுத்தாகப் பக்கத்தில் இருக்கட்டும்; அசைவு அதன் பின்னால் ஓடட்டும்.

ஸ்க்ரோல் அனிமேஷன் பற்றித்தான் குழப்பம் அதிகம். தளங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட், குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்தின் புதிய பதிப்பில் ஓடுகிறது, பக்கத்தில் எழுதியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களையும் இயக்கும். ஆனால் ஸ்க்ரோல் செய்யாது, எதையும் கிளிக் செய்யாது. அதற்குப் பதில் மிக உயரமான ஒரு திரையில் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. ஆகவே ஏற்கெனவே பக்கத்தில் இருக்கும் பத்தி மெல்லத் தெளிந்து வருவதால் பெரிய நஷ்டம் இல்லை. ஸ்க்ரோல் செய்த பிறகுதான் சர்வரிலிருந்து உள்ளடக்கம் வரும் என்று எழுதியிருந்தால்தான் வம்பு. அங்கே இன்டர்செக்‌ஷன் அப்சர்வரைப் பயன்படுத்துங்கள்; ஒரு பகுதி திரைக்குள் வந்துவிட்டதா என்று கண்டறியும் பிரவுசர் வசதி அது. ‘உள்ளே நுழைய’ என்று பட்டன் வைத்து, அதை அழுத்திய பிறகே எல்லாவற்றையும் ஏற்றும் தளங்களுக்கு மீட்சி இல்லை. கூகுள்பாட் வாசலோடு திரும்பிவிடும்.

இணைப்புகளிலும் இதே சிக்கல் வரும். பக்கம் மாறும்போது வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக எச்டிஎம்எல்லில் இணைப்பைக் குறிக்கும் ஆங்கர் டேகை எடுத்துவிட்டு, கிளிக்குக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். முகவரியுள்ள உண்மையான இணைப்பு இருந்தால்தான் கூகுள் அடுத்த பக்கத்துக்குப் போகும். முகவரியில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் வருவதையும் அது தனிப் பக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே முகவரியை மாற்ற உதவும் ஹிஸ்டரி ஏபிஐ என்ற பிரவுசர் வசதி மூலம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி கொடுங்கள், அப்புறம் எப்படி வேண்டுமானாலும் வழுக்கட்டும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தலைப்பை எழுத்து எழுத்தாகப் பறக்கவிடும் ஸ்கிரிப்டுகளில் பல, ‘கோ’ என்பதை ககரமாகவும் தனிக் குறியாகவும் உடைத்துவிடும். திரையில் புள்ளி வட்டம் முளைக்கும், எச்டிஎம்எல்லிலும் சொல் துண்டு துண்டாகும். உயிர்மெய்யை உடைக்காமல் எழுத்துகளைப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) இதைப் பெருமளவு சரிசெய்யும். என்னைக் கேட்டால், தமிழில் சொல் சொல்லாகப் பறக்கவிடுவதே நல்லது.

அடுத்து, 0-இலிருந்து 100 வரை எண்ணும் அந்த லோடர், அதாவது பக்கம் ஏறும்வரை காட்டும் காத்திருப்புத் திரை. முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். லோடரே அதில் பாதியைத் தின்றால் எப்படி? உயரம், மேல்விளிம்பு போன்றவற்றை அசைத்தால் பக்கமும் குதிக்கும், மற்றவற்றை நகர்த்தாமல் அந்தப் பொருளை மட்டும் அசைக்கும் டிரான்ஸ்ஃபார்ம் என்ற சிஎஸ்எஸ் வசதி போதும். இந்த வேக மதிப்பெண்களுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, தேடியதற்குப் பொருத்தமான பக்கமா என்பதே பெரிது. ஆனால் வாடிக்கையாளருக்கும் பொறுமை இருக்காதே.

எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் (robots.txt) கோப்பில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புறைகளையும் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோப்புறைகளையும் தடுத்து வைத்திருந்தால் உடனே நீக்குங்கள்.

கடைசியாக, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை ஓட்டி, அது காட்டும் எச்டிஎம்எல்லில் உங்கள் முக்கியமான ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். பிறகு பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டை இயக்காத பாட்கள் நிறைய உண்டு, அவற்றுக்குத் தெரிவது அவ்வளவுதான். அங்கே வரி இல்லையென்றால், பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்பும்படி டெவலப்பரிடம் கேளுங்கள்.