சட்டையில் குத்த ஒரு துணி பேட்ஜ்

தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பேட்ஜ் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, எத்தனை சொல் என்றுதான். மூன்றுக்கு மேல் போனால் துணியை எடுக்க மாட்டேன். பஸ்ஸில் எதிரே நிற்பவர் ஒரே பார்வையில் வாசிக்க வேண்டும். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஒருவர் முழு மனுவையே எழுதி வந்தார். ‘மணல் அள்ளாதே’ என்று குறைத்தோம். மீதியை, கேட்கிறவர்களிடம் அவரே வாயால் சொல்லிக்கொள்ளட்டும்.

காட்டன் வெட்டுத்துண்டு போதும். டீ டம்ளரைக் கவிழ்த்து இரண்டு வட்டம் வரையுங்கள், ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். முன்வட்டத்தின் பின்னால் காலருக்கு வைக்கும் ஒட்டு கேன்வாஸை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிடுங்கள். எழுத்தைப் பென்சிலால் எழுதி, எம்பிராய்டரி நூலில் மூன்று இழை பிரித்துச் சங்கிலித் தையல் போடுங்கள். நம் எழுத்தின் வளைவுக்கு அதுதான் ஒத்துவரும். எழுத்து முக்கால் சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்ளும். புள்ளிக்கு முடிச்சுத் தையல். அப்புறம் இரண்டு வட்டத்தையும் சேர்த்து, ஓரம் முழுக்க, பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதுபோல நெருக்கமாகத் தையுங்கள்.

கட்சி நிறம், சங்கக் கொடி, வானவில் எல்லாம் தைப்பேன். சாதி நிறம் மட்டும் தைக்க மாட்டேன். மார்பில் போடும் துணிக்காகவே அடி வாங்கிய ஊர் இது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1859-இல் அதற்கு அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தது.

சரி, ஊக்கு. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் சாதா ஊக்கு துருப்பிடித்து வெள்ளைச் சட்டையில் கறை ஏற்றிவிடும். கூடக் காசு போனாலும் துருப்பிடிக்காத எஃகு ஊக்கு வாங்குங்கள். அதைப் பின்புறம் நடுவுக்குச் சற்று மேலே படுக்கையாகத் தையுங்கள். கீழே வைத்தால் பேட்ஜ் முன்னால் கவிழும். சேலையில் மடிப்புகள் சேரும் இடத்தில் குத்தினால் பாரம் தாங்கும், ஒற்றை மடிப்பு கிழியும். மீன் கூடை தூக்கும் அக்காமார் தோளில் குத்த வேண்டாம், மார்புப் பக்கம் இறக்கிக் குத்துங்கள்.

ஓட்டுப்போடப் போகும்போது கட்சிச் சின்னம் உள்ளதைக் கழற்றிவிடுங்கள். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் அது பிரசாரக் கணக்கில் சேரும்.